நோய் ஆதரவு சிகிச்சை வழங்கும் நிறுவனத்தின் தரத்தை அறிவது எப்படி?

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையால் இனிப் பயனில்லை என்று மருத்துவர் தெரிவித்த பின், நோயாளியை எங்கே, யாருடைய பொறுப்பில் வைத்துப் பராமரிப்பது என்ற கேள்வி குடும்பத்தினர் முன் எழுகிறது. பெரும்பாலும் சில நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டியுள்ளது. மனம் தளர்ந்திருக்கும் அவ்வேளையில் கட்டடத்தின் தோற்றம், உறவினரின் பரிந்துரை, கட்டணம் ஆகியவற்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இயல்பே. ஆனால் தேர்வு தவறானால் அதைத் திருத்திக்கொள்ளப் போதிய காலம் இருப்பதில்லை. நோயாளி வலியில் கழித்த இரவுகளை எவராலும் ஈடுசெய்ய இயலாது.

ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும், நேரில் எவற்றைப் பார்க்க வேண்டும், சேர்த்த பின் எவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

நோய் ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

தீராத நோயினால் ஏற்படும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், உறக்கமின்மை போன்ற துன்பங்களைத் தணிப்பதும், நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் மனத்தளவிலும் சமூக அளவிலும் துணை நிற்பதும் நோய் ஆதரவு சிகிச்சை ஆகும். இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கும் இது தேவைப்படுகிறது. நோயைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை நடைபெறும்போதே இதனையும் தொடங்கலாம். வாழ்வின் இறுதி வாரங்களிலும் மாதங்களிலும் அளிக்கப்படும் பராமரிப்பு இதன் ஒரு பகுதியாகும். அதற்கென நோயாளிகளைத் தங்கவைக்கும் இடங்களை ஹாஸ்பைஸ் அல்லது ஆதரவு இல்லம் என்று அழைக்கிறோம்.

இத்துறையின் இன்றைய வடிவத்திற்கு அடித்தளமிட்டவர் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் 1967-ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கினார். வலி வந்த பிறகு மருந்து தருவதை விட, வலி திரும்பும் முன் குறித்த நேரத்தில் மருந்து தர வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி. இந்தியாவில் முதல் ஹாஸ்பைஸ் 1986-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், வீடு தேடிச் செல்லும் ஆதரவு சிகிச்சை குறைந்த செலவிலும் இயலும் என்பதைக் காட்டியது.

முதற்படி: எவ்வகை நிறுவனம் என்பதை அறிதல்

பெயர்ப்பலகையில் உள்ள சொல்லை மட்டும் கொண்டு முடிவெடுக்க வேண்டா. பின்வரும் மூன்றும் வெவ்வேறானவை.

- முதியோர் இல்லம்: தங்குமிடமும் உணவும் அளிக்கும். மருத்துவர் அவ்வப்போது வந்து செல்லலாம். கடும் வலிக்கான சிகிச்சை அங்கு இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.
- வீட்டுக்குப் பணியாளரை அனுப்பும் முகமை: 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரப் பணிக்கு உதவியாளரை அனுப்பும். வருபவர் தகுதி பெற்ற செவிலியராக இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவர் அம்முகமையில் இல்லாதிருக்கலாம்.
- நோய் ஆதரவு சிகிச்சை நிறுவனம்: இத்துறையில் பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்கி, இல்லத்திலோ நோயாளியின் வீட்டிலோ சிகிச்சை அளிப்பர்.

நோயாளிக்கு வலியோ மூச்சுத்திணறலோ இருப்பின் மூன்றாவது வகையே தேவை. நிறுவனம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றுள்ளதா என்று கேட்டுச் சான்றிதழைப் பாருங்கள். மருத்துவரின் பதிவு எண்ணையும் கேட்கலாம். இவ்விவரங்களைத் தரத் தயங்கும் நிறுவனத்தைத் தவிர்ப்பது நன்று.

முதல் கேள்வி: மார்ஃபின் உள்ளதா?

கடும் வலிக்கு, குறிப்பாக முற்றிய புற்றுநோயின் வலிக்கு, வாய்வழி மார்ஃபின் அடிப்படை மருந்தாகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. மார்ஃபினைக் கையாளாத நிறுவனத்தால் கடும் வலியை முறையாகத் தணிப்பது அரிது. ஆகவே பிற வசதிகளைப் பற்றிக் கேட்கும் முன் இதனைக் கேளுங்கள்.

முன்னர் இம்மருந்தை இருப்பு வைக்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. போதை மருந்துகள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஏற்பைப் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்ஃபினை இருப்பு வைத்து வழங்கலாம். 'நீங்கள் அவ்வாறு அங்கீகாரம் பெற்ற நிறுவனமா? இல்லையெனில் எங்கிருந்து பெற்றுத் தருவீர்கள்?' என்று நேரடியாகக் கேளுங்கள். 'சட்டம் அனுமதிக்காது' என்பது சரியான விடையன்று.

மார்ஃபின் உள்ளது என்ற விடை மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் முறையிலேயே தரம் வெளிப்படும். முறையாகச் செயல்படும் நிறுவனத்தில் இவற்றைக் காணலாம்.

- வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணாக நோயாளியிடமே கேட்டு நாள்தோறும் பதிவு செய்வர்.
- உடனடியாகச் செயல்படும் மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ 4 மணி நேரம் நீடிப்பதால், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்தில் தருவர். இரவு வேளைக்கும் தனியே ஏற்பாடு செய்வர்.
- இடையில் வலி மிகுந்தால் தர வேண்டிய கூடுதல் அளவையும் எழுதிக் கொடுப்பர்.
- மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், அதனுடன் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே தருவர்.
- சிறுநீரகம் பாதிக்கப்பட்டோருக்கு அளவையும் இடைவெளியையும் மாற்றுவர் அல்லது வேறு மருந்தைத் தேர்வர்.
- எல்லா வலிக்கும் மார்ஃபினையே தராமல் வலியின் வகையைப் பிரித்தறிவர். நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் உள்ளன. எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்குக் குறுகிய காலக் கதிர்வீச்சு உதவும்.

மார்ஃபின் தந்தால் இறப்பு விரைவில் வந்துவிடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் உள்ளது. வலிக்கேற்ற அளவில் மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. தொடக்கத்தில் சில நாள்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் குறைந்துவிடும். இவ்வச்சத்தை நீங்கள் வெளிப்படுத்தும்போது பொறுமையாக விளக்குகிறார்களா என்பதும் ஓர் அளவுகோலே. மருந்தின் அளவை நீங்களே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

இரண்டாம் கேள்வி: இரவு 2 மணிக்கு யார் பேசுவார்?

நெருக்கடி அலுவல் நேரம் பார்த்து வருவதில்லை. 'நள்ளிரவில் வலி தாங்க இயலாமற்போனால் யாரை அழைப்பது? அழைப்பை ஏற்பவர் மருத்துவரா, செவிலியரா, காவலரா? அவரிடம் நோயாளியின் குறிப்பேடு இருக்குமா? மருத்துவர் எவ்வளவு நேரத்தில் அறிவுரை தருவார்?' என்று கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு முறை இரவில் அந்த எண்ணை அழைத்துப் பார்ப்பதில் தவறில்லை. தங்கிச் சிகிச்சை பெறும் இல்லமாயின், இரவுப் பணியில் எத்தனை செவிலியர், அவர்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள்.

வீட்டில் சிகிச்சை அளிக்கும் குழுவாயின், திடீர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், இரத்தக்கசிவு ஆகியவை ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை முன்னரே எழுதிக் கொடுத்து, தேவையான மருந்துகளையும் வீட்டில் வைத்திருக்கச் செய்ய வேண்டும். 'உடனே 108-ஐ அழையுங்கள்' என்பது மட்டுமே அவர்களின் திட்டமாயின், அக்குழு இருந்தும் நீங்கள் தனித்தே விடப்படுவீர்கள்.

இறப்பு வீட்டில் நேர்ந்தால் இறப்பின் காரணத்தைச் சான்றளிக்கும் மருத்துவர் யார் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். துயர வேளையில் சான்றுக்காக அலைவதை இந்த ஒரு கேள்வி தவிர்க்கும்.

நேரில் சென்று பார்க்க வேண்டியவை

இல்லத்திற்கு இரு முறை, ஒரு முறை முன்னறிவிப்பின்றியும் செல்ல இயன்றால் நன்று. வரவேற்பறையில் அமர்ந்துவிடாமல், அங்குள்ள நோயாளிகளின் தனிமைக்கு இடையூறின்றி, படுக்கைகள் உள்ள பகுதியைப் பாருங்கள்.

வாய்: நோயாளிகளின் உதடுகள் வெடித்தும் நாக்கு வறண்டும் இருக்கின்றனவா? உணவு குறைந்த நிலையில் வாயை ஈரமாகவும் தூய்மையாகவும் வைப்பது அடிப்படைப் பணி. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, பணியாளரின் கவனமே தேவை.

முதுகு: புரண்டு படுக்க இயலாதவர்களை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பொதுவாக 2 மணிக்கு ஒருமுறை திருப்புவது வழக்கம். நோயாளியின் நிலைக்கேற்ப இது மாறலாம். அதற்கான பதிவேடு படுக்கையருகே உள்ளதா என்று பாருங்கள். காற்று மெத்தை மட்டும் படுக்கைப்புண்ணைத் தடுத்துவிடாது.

நாற்றம்: வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்ப் புண்களில் கடும் நாற்றம் எழக்கூடும். நோயாளிகள் பிறரிடமிருந்து விலகிப் போவதற்கு வலியைப் போலவே இதுவும் காரணமாகிறது. 'இதற்கு என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். புண்ணைத் தூய்மை செய்து, பொடித்த மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூவிக் கட்டுவது மலிவான, பயனுள்ள முறை. 'தனி அறையில் வைத்துவிடுவோம்' என்பது மட்டுமே விடையாயின், அங்கு தேவையான பயிற்சி இல்லை என்று பொருள்.

மூச்சு: மூச்சுத்திணறல் உள்ளவரைச் சாய்வாக அமர்த்துவது, முகத்தில் காற்றுப் படும்படி மின்விசிறியை வைப்பது, தேவைப்படின் குறைந்த அளவு மார்ஃபின் தருவது ஆகியவற்றைச் செவிலியர் அறிந்திருக்க வேண்டும்.

பேச்சு: பணியாளர் நோயாளியைப் பெயர் சொல்லியோ உறவுமுறை சொல்லியோ அழைக்கிறார்களா, படுக்கை எண்ணைச் சொல்லியா? உடை மாற்றும்போது திரை இடுகிறார்களா? பெண் நோயாளிகளுக்குப் பெண் பணியாளர் உள்ளனரா? குடும்பத்தினர் உடன் தங்கலாமா? வழிபாட்டில் நோயாளியின் விருப்பம் மதிக்கப்படுகிறதா?

உண்மையைப் பேசும் முறை

'அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்' என்று குடும்பத்தினர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நம்மிடையே வழக்கம். அன்பினால் எழும் வேண்டுகோள் அது. நல்ல குழு அதனைக் கடிந்துகொள்ளாது. அதே வேளையில் நோயாளியிடம் பொய்யும் சொல்லாது. அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே மென்மையாகக் கேட்டு, அவர் விரும்பும் அளவுக்குப் பேசும். நோயாளியை ஒருமுறையும் தனியே சந்தித்துப் பேசாமல், குடும்பத்தினரிடம் மட்டும் அனைத்தையும் முடிவு செய்யும் குழுவில் குறை உள்ளது.

உயிர்காக்கும் கருவிகள் தமக்கு வேண்டுமா, வேண்டாவா என்பதை நோயாளி முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு இவ்வுரிமையை ஏற்று, 2023-ஆம் ஆண்டு நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன் உறுதிப்படுத்தினால் போதும். இதற்கு வழிகாட்டுவீர்களா என்று நிறுவனத்தைக் கேளுங்கள்.

இறுதி நாள்களில் உணவு குறைவதைப் பற்றியும் கேளுங்கள். 'குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று குடும்பத்தினர் வற்புறுத்துவதுண்டு. அந்நிலையில் உடல் நீரைக் கையாளும் திறன் குறைந்திருக்கும். ஏற்றப்படும் நீர் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் கூட்டலாம். நல்ல மருத்துவர் இதனை உட்கார்ந்து விளக்குவார். கேட்டதற்கெல்லாம் இசைந்து கட்டணப் பட்டியலை நீட்டுவது பராமரிப்பின் அடையாளமன்று.

கட்டணமும் ஒப்பந்தமும்

கட்டண விவரத்தை எழுத்து வடிவில் பெறுங்கள். அறை, செவிலியர் பணி, மருந்து, புண் கட்டும் பொருள்கள், மருத்துவர் வருகை ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். முன்பணம் செலுத்தினால், நோயாளி விரைவில் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ மீதித்தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். இலவச இல்லமாயினும், நோயாளியை எப்போது வேண்டுமானாலும் அழைத்துச் செல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலகி நிற்க வேண்டிய அறிகுறிகள்

- நோயை முற்றிலும் குணமாக்குவதாக உறுதி கூறுதல். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.
- சேர்க்கும்போதே சொத்து, ஓய்வூதியம், உடல் தானம் தொடர்பான தாள்களில் கையொப்பம் கேட்டல்.
- குடும்பத்தினர் படுக்கையருகே செல்ல அனுமதி மறுத்தல்.
- நோயாளிகளைக் கட்டிலுடன் கட்டி வைத்தல், அல்லது அமைதியாக இருப்பதற்காக உறக்க மருந்து தருதல்.
- என்ன மருந்து தரப்படுகிறது என்பதைக் கூற மறுத்தல்.
- எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகச் சேர்க்க மறுத்தல். இது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முரணானது.

முதல் வாரத்தின் முடிவில்

சேர்த்தவுடன் உங்கள் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஒரு வாரம் கழித்து இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள். சேர்த்த நாளில் இருந்த வலியின் எண் குறைந்துள்ளதா? நோயாளி இரவில் உறங்குகிறாரா? மலம் கழிப்பதில் தொல்லை உள்ளதா என்று எவரேனும் கேட்டார்களா? நீங்கள் கேட்கும் முன்பே மாற்றங்களை உங்களிடம் தெரிவிக்கிறார்களா? பராமரிக்கும் உங்களுக்கு உறக்கமும் உணவும் உள்ளனவா என்று எவரேனும் வினவினார்களா?

வலி குறையவில்லை எனில் முதலில் மருத்துவரிடம் நேரடியாகக் கூறி, சிகிச்சையில் என்ன மாற்றம் செய்வார் என்று கேளுங்கள். சில வலிகள் கட்டுப்படச் சில நாள்கள் ஆகலாம். ஆனால் 'இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும்' என்பதே விடையாயின், வேறு நிறுவனத்தை நாடத் தயங்க வேண்டா. மாறும்போது மருந்துக் குறிப்பையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

அரசு மருத்துவமனைகளிலும் உங்கள் இல்லத்திலும்

தனியார் நிறுவனத்தை நாடும் முன் அரசின் கட்டணமில்லாச் சேவையைப் பற்றி விசாரியுங்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ நோயாளியின் பெயரைப் பதிவு செய்யலாம். அருகிலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சைக்கான பிரிவும் மார்ஃபினும் உள்ளன என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். மேலே கூறிய கேள்விகள் அனைத்தையும் அரசு நிறுவனத்திலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சேவை கட்டணமின்றி வழங்கப்படுகிறது என்பதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவ ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் 104 என்ற எண்ணையும், ஆதரவற்ற முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம். பதிவு பெற்ற தனியார் மருத்துவ நிறுவனம் குறித்த புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து வடிவில் அளிக்கலாம்.

நிறுவனத்தை முதன்முறை தொலைபேசியில் அழைக்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் உள்ளதா? இரவில் யார் பேசுவார்? வலியை நாள்தோறும் எவ்வாறு பதிவு செய்கிறீர்கள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த இடத்தை அடுத்து நேரில் சென்று பாருங்கள்.